நோயாளி இல்லாத வகுப்பறைகள்

2020ஆம் ஆண்டு மே மாதத்தில், பி.எம். கேர்ஸ் நிதியிலிருந்து 2,000 கோடி ரூபாய் செலவில் 50,000 வென்டிலேட்டர்கள் வாங்கப்படும் என்று ஒன்றிய அரசு அறிவித்தது. அடுத்த ஆண்டு கொரோனாவின் இரண்டாம் அலை வந்தபோது, பல மாநிலங்களின் மாவட்ட மருத்துவமனைகளில் அந்தக் கருவிகளில் ஒரு பகுதி பயன்படுத்தப்படாமல் கிடந்தது செய்தியாயிற்று. சில கருவிகள் பழுதானவை. மற்றவற்றை இயக்க ஆளில்லை. மூச்சுக்குத் தவித்த மனிதர் ஓர் அறையில். மூச்சளிக்கும் கருவி அடுத்த அறையில். இரண்டையும் இணைக்கத் தெரிந்த கைகள் மட்டும் இல்லை.

மருத்துவமனை என்றதும் மருத்துவரும் செவிலியரும் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் இரத்தம் எடுத்துச் சோதிப்பவர், எக்ஸ்ரேயும் ஸ்கேனும் எடுப்பவர், டயாலிசிஸ் கருவியை இயக்குபவர், அறுவை அரங்கில் மயக்க மருந்துக் கருவியைச் சரிபார்த்து வைப்பவர், பக்கவாதத்தில் விழுந்தவரை மீண்டும் நடக்கப் பழக்குபவர் ஆகியோர் இல்லாமல் எந்தச் சிகிச்சையும் நகராது. இவர்களைத்தான் மருத்துவம் சார்ந்த பணியாளர்கள் என்கிறோம். இவர்களைப் பற்றி ஒன்றிய சுகாதார அமைச்சகத்திற்காகத் தயாரிக்கப்பட்டு 2012இல் வெளிவந்த ஆய்வறிக்கை, நாட்டில் இத்தகையோர் ஏறத்தாழ 64 இலட்சம் பேர் குறைவாக உள்ளதாக மதிப்பிட்டது. இந்த எண்ணிக்கையைக் கூட்டியோ குறைத்தோ மதிப்பிடலாம். பற்றாக்குறை மிகப் பெரியது என்பதை மறுப்பார் எவருமில்லை.

அப்படியானால், இந்தப் படிப்பை முடித்த இளைஞருக்கு மறுநாளே வேலை கிடைக்க வேண்டும் அல்லவா? நடப்பது வேறு. பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நகரத்து ஆய்வகத்தில் குறைந்தபட்ச ஊதியமும் இல்லாமல் இரவுப் பணி பார்ப்பவர்களை நாட்டின் எந்த மாவட்டத் தலைநகரிலும் சந்திக்கலாம். ஆள் பற்றாக்குறையும் வேலையின்மையும் ஒரே தொழிலில், ஒரே ஊரில், ஒரே நேரத்தில் நிலவுகின்றன. இந்த முரண்பாட்டின் ஒரு முனை மருத்துவமனையில் இருக்கிறது. மறுமுனை, ஊருக்கு வெளியே நெடுஞ்சாலையோரத்தில் புதிதாக எழுந்து நிற்கும் சிறிய தனியார் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது.

தரகர் காட்டும் பட்டம்

பீகாரை எடுத்துக்கொள்வோம். பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் பாடம் எடுத்துத் தேறிய விவசாயத் தொழிலாளியின் மகளுக்கு மருத்துவப் படிப்பு எட்டாக் கனி. நீட் பயிற்சி மையங்கள் கேட்கும் கட்டணமே அந்தக் குடும்பத்தின் பல ஆண்டு வருமானம். ஆனாலும் வெள்ளை மேலங்கி அணிந்து மருத்துவமனையில் வேலை பார்க்கும் கனவு அணைந்துவிடுவதில்லை. அந்தக் கனவின் வாசலில்தான் தரகர் நிற்கிறார். பாட்னாவின் சாலைகளிலும் பயிற்சி மையங்கள் நிறைந்த சந்துகளிலும் பிற மாநிலப் பல்கலைக்கழகங்களின் விளம்பரங்களுக்குக் குறைவில்லை. பஞ்சாப், ஹரியானா, உத்தரகண்ட், ராஜஸ்தான், கர்நாடகம் என்று ஊர்ப் பெயர்கள் மாறும். வாசகம் மாறாது: “நூறு சதவீதம் வேலை உறுதி.”

பீகார் அரசு 2016இல் மாணவர் கடன் அட்டைத் திட்டத்தைத் தொடங்கியது. பன்னிரண்டாம் வகுப்பு தேறியவர்கள் உயர்கல்விக்கு 4 இலட்சம் ரூபாய் வரை கடன் பெறலாம். 2025 செப்டம்பரில், சட்டமன்றத் தேர்தல் நெருங்கிய வேளையில், அதற்கு வட்டியே இல்லை என்றும் அறிவிக்கப்பட்டது. ஏழை மாணவருக்குக் கடன் கிடைப்பதில் தவறு காண இயலாது. ஆனால் அந்தப் பணம் போகும் திசையைப் பார்க்க வேண்டும். மாநிலத்திற்குள் அரசு மருத்துவக் கல்லூரிகளில் இந்தப் படிப்புகளுக்கான இடங்கள் சொற்பம். எனவே பொதுப்பணம் கடனாக மாணவர் பெயரில் எழுதப்பட்டு, ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஒரு தனியார் கல்வி முதலாளியின் கணக்கில் போய்ச் சேருகிறது. கல்லூரி கட்ட வேண்டிய அரசு, கடன் கொடுத்துக் கைகழுவிக்கொள்கிறது. தரகருக்குக் கழிவு கிடைக்கிறது. பல்கலைக்கழகத்துக்குக் கட்டணம் கிடைக்கிறது. மாணவருக்குக் கடன் மிஞ்சுகிறது. வட்டி இல்லாவிட்டாலும் அசல் அசல்தான்.

இந்தியாவில் மாநிலச் சட்டத்தின்கீழ் அமைந்த முதல் தனியார் பல்கலைக்கழகம் 1995இல் சிக்கிமில் தோன்றியது. முப்பதாண்டுகளில் அந்த எண்ணிக்கை நானூறைத் தாண்டிவிட்டது. இவற்றுள் பெரும் பணம் படைத்த சில, வெளிநாட்டுப் பேராசிரியர்களையும் விளையாட்டரங்குகளையும் காட்டி மேட்டுக்குடிப் பிள்ளைகளை ஈர்க்கின்றன. எஞ்சியவை சில நூறு மாணவர்களோடு காலம் தள்ளும் சிறிய நிறுவனங்கள். பொறியியலுக்குக் கூட்டம் குறைந்த பிறகு, இந்தச் சிறிய பல்கலைக்கழகங்களுக்கு மருத்துவம் சார்ந்த படிப்புகளே புதிய கறவை மாடு.

காரணம் எளிது. நூறு எம்.பி.பி.எஸ். இடங்களுக்கு அனுமதி வேண்டுமானால் 420 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை இருக்க வேண்டும் என்கின்றன தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023ஆம் ஆண்டு விதிகள். அந்த விதிகளையும் போலி நோயாளிகளைப் படுக்கவைத்து ஏய்ப்பவர்கள் உண்டு என்பது வேறு கதை. ஆனால் ஆய்வகப் படிப்புக்கோ, எக்ஸ்ரே படிப்புக்கோ, டயாலிசிஸ் படிப்புக்கோ நாடு முழுவதற்குமான அப்படியொரு கட்டாயம் நெடுங்காலம் இருக்கவில்லை. இரண்டு வகுப்பறை, நான்கு நுண்ணோக்கி, நகரத்திலுள்ள ஒரு தனியார் மருத்துவமனையோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் என்று ஒரு தாள். இவை இருந்தால் படிப்பு தொடங்கிவிடலாம்.

படுக்கையே பாடநூல்

நரம்பு கண்ணுக்குத் தெரியாத மூதாட்டியின் கையிலிருந்து ஒரே குத்தில் இரத்தம் எடுப்பது எப்படி என்பதை எந்தப் பாடநூலும் கற்றுத் தராது. ஆய்வக முடிவுகளில் நேரும் பிழைகளின் பெரும்பகுதி, மாதிரி கருவிக்குள் போவதற்கு முன்பே நேர்ந்துவிடுகிறது. தவறான குழாயில் இரத்தம் ஊற்றப்பட்டிருக்கும். குழாயை வேகமாகக் குலுக்கியதால் சிவப்பணுக்கள் சிதைந்திருக்கும். ஒருவர் பெயர் மற்றொருவர் குழாயில் ஒட்டப்பட்டிருக்கும். சிவப்பணு சிதைந்த மாதிரி, இரத்தத்தில் பொட்டாசியம் அபாய அளவில் இருப்பதாகப் பொய் சொல்லும். அதை நம்பி மருந்து கொடுத்தால் நோயாளியின் இதயத்துக்கே ஆபத்து. இவற்றைத் தவிர்க்கும் பழக்கம், மூத்த ஊழியர் ஒருவர் அருகில் நின்று திருத்த, பல நூறு முறை செய்தால்தான் கைக்கு வரும்.

டயாலிசிஸ் அறையிலும் அப்படியே. நான்கு மணி நேரச் சுத்திகரிப்பின் நடுவே இரத்த அழுத்தம் திடீரெனச் சரியும் நோயாளியின் முகத்தைப் பார்த்தவுடன் புரிந்துகொள்ள வேண்டும். மஞ்சள் காமாலைக் கிருமி உள்ளவருக்கான கருவியை மற்றவருக்குப் பயன்படுத்திவிடாத எச்சரிக்கை வேண்டும். எக்ஸ்ரே அறையில், எலும்பு முறிந்த குழந்தையை அழவிடாமல் சரியான நிலையில் வைக்கத் தெரியாதவர் ஒரே படத்தை மூன்று முறை எடுப்பார். அந்தக் குழந்தையின் உடலில் மும்மடங்கு கதிர்வீச்சு இறங்கும்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது இங்கே உயிர் சம்பந்தப்பட்ட உண்மை. நோயாளி இல்லாத வகுப்பறையில் இந்தத் தொழில்களைக் கற்கவே முடியாது. சொந்த மருத்துவமனை இல்லாத பல்கலைக்கழகம் மாணவரை அனுப்பிவைக்கும் இருபது முப்பது படுக்கை மருத்துவமனையிலும் கற்பதற்குப் போதிய நோயாளிகள் இருப்பதில்லை. இருப்பவர்களும் கட்டணம் கொடுத்து வந்தவர்கள். கற்றுக்குட்டி தங்கள் கையில் ஊசி குத்துவதை அவர்கள் விரும்புவதில்லை. எனவே மாணவர் செய்வது என்ன? பதிவேடு எழுதுகிறார். ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறார். வரவேற்பறையில் சீட்டு கொடுக்கிறார். ஆள் பற்றாக்குறை உள்ள மருத்துவமனையானால் நிலைமை நேரெதிராகிறது: இரண்டாம் ஆண்டு மாணவரே இரவெல்லாம் தனியாக எக்ஸ்ரே எடுக்கிறார், மேற்பார்வையிட எவருமின்றி. முதலாவது, கற்பிக்காமல் விடுவது. இரண்டாவது, கற்பிப்பதாகச் சொல்லி ஊதியமில்லாமல் வேலை வாங்குவது. இரண்டுக்கும் மாணவரே கட்டணம் கட்டுகிறார்.

அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிகளின்படி, கதிர்வீச்சுப் பகுதியில் பணிபுரிவோர் மீது படும் கதிரின் அளவு கண்காணிக்கப்பட வேண்டும். சட்டையில் அணியும் டி.எல்.டி. பேட்ஜ் அதற்காகத்தான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அது சோதனைக்கு அனுப்பப்பட்டு அளவு பதிவு செய்யப்படும். எக்ஸ்ரே அறையில் நாள்தோறும் நிற்கும் பயிற்சி மாணவரின் சட்டையில் அந்தப் பேட்ஜ் இருக்கிறதா என்று பார்த்தாலே, அந்த மருத்துவமனை அவரை எப்படிக் கருதுகிறது என்பது விளங்கிவிடும். ஊசி குத்திக்கொள்ளும் ஆபத்து நாள்தோறும் உள்ள ஆய்வக மாணவருக்கு ஹெபடைடிஸ்-பி தடுப்பூசி போடப்பட்டதா என்பதும் அதே வகைக் கேள்விதான். 2024 ஆகஸ்டில் கொல்கத்தா ஆர்.ஜி.கர் மருத்துவமனையில் நிகழ்ந்த கொடுமைக்குப் பிறகு, மருத்துவமனைகளில் பெண்களின் பாதுகாப்பு நாடெங்கும் விவாதிக்கப்பட்டது. அந்த விவாதம் பெரும்பாலும் பெண் மருத்துவர்களையும் செவிலியர்களையும் சுற்றியே நின்றது. இரவு இரண்டு மணிக்கு ஆய்வகத்தில் தனியாக அமர்ந்திருக்கும் பயிற்சி மாணவிக்கு ஓய்வறை உண்டா, விடுதிக்குத் திரும்ப வாகனம் உண்டா என்று கேட்டவர்கள் மிகச் சிலரே.

சிறியது என்பதே குற்றமல்ல என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். மகாராஷ்டிரத்தின் வார்தாவுக்கு அருகே சேவாகிராமத்தில் 1969இல் தொடங்கப்பட்ட மருத்துவக் கல்லூரி ஒரு கிராமத்தில்தான் இருக்கிறது. அங்கே மருத்துவமனை உண்டு, நோயாளிகள் உண்டு. ஆசிரியர் ஒருவருக்குப் பத்து மாணவர் என்றிருந்தால், ஐம்பது பேரை அடைத்த பெரிய நிறுவனத்தைவிட அங்கே நன்றாகவே கற்கலாம். ஊரின் அளவோ கட்டடத்தின் அளவோ இங்கே அளவுகோல் ஆகாது. ஒரு மாணவருக்கு எத்தனை படுக்கை, எத்தனை ஆசிரியர் என்பதே அளவுகோல். தனியார் பல்கலைக்கழக விளம்பரங்களில் நீச்சல் குளம் இருக்கும்; இந்த இரண்டு எண்கள் மட்டும் இருப்பதில்லை.

உறங்கிய சட்டம்

மருத்துவருக்கு, செவிலியருக்கு, பல் மருத்துவருக்கு, மருந்தாளுநருக்கு எனத் தேசிய அளவிலான சட்டங்கள் விடுதலைக்குப் பின் சில ஆண்டுகளிலேயே வந்துவிட்டன அல்லது அதற்கு முன்பே இருந்தன. மருத்துவம் சார்ந்த தொழிலாளர்க்கு மட்டும் அறுபதாண்டுகளுக்கு மேல் காத்திருப்பு. 2007இல் இயன்முறை சிகிச்சை, ஆய்வகம், கதிரியக்கம் ஆகியவற்றுக்கு மத்திய கவுன்சில்கள் அமைக்கும் மசோதா மக்களவையில் வந்தது. அவையின் ஆயுளோடு அதன் ஆயுளும் முடிந்தது. 2018 டிசம்பரில் இன்னொரு மசோதா. அது நிலைக்குழுவுக்குப் போய்த் திரும்பி, புதிய வடிவெடுத்து, 2021 மார்ச்சில்தான் தேசிய மருத்துவம் சார்ந்த மற்றும் சுகாதாரப் பணித்துறை ஆணையச் சட்டமாக நிறைவேறியது. பத்துப் பிரிவுகளில் 56 தொழில்கள் அதன் வரம்பில் வருகின்றன.

சட்டம் வந்தது வரவேற்கத்தக்கதே. இத்தொழிலில் உள்ளோரின் சங்கங்கள் பல்லாண்டு போராடிப் பெற்றது அது. ஆயினும் அது எதை எண்ணுகிறது என்று கவனிக்க வேண்டும். மருத்துவம் சார்ந்த பணியாளர் எனப்படுவதற்குக் குறைந்தது 2,000 மணி நேரப் படிப்பு, இரண்டு முதல் நான்கு ஆண்டுகளில் முடிக்கப்பட்டிருக்க வேண்டும். சுகாதாரப் பணியாளர் எனப்படுவதற்கு 3,600 மணி நேரம், மூன்று முதல் ஆறு ஆண்டுகளில். இரண்டாயிரம் மணி நேரத்தை இரண்டாண்டில் வகுத்தால், ஆண்டுக்கு 250 வேலை நாள் என்ற கணக்கில் நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் வரும். அந்த நான்கு மணி நேரம் நோயாளியின் அருகில் கழிந்ததா, வருகைப் பதிவேட்டில் மட்டும் கழிந்ததா என்பதைக் கண்டறிய ஆய்வாளர் வேண்டும். ஆய்வாளரை அனுப்ப மாநிலக் கவுன்சில் வேண்டும்.

அந்தக் கவுன்சில்களின் கதைதான் வேதனை. சட்டம் ஆறு மாத அவகாசம் தந்தது. அதற்குள் பணி முடியாததால், மருத்துவத் தொழில்நுட்பர்களின் கூட்டமைப்பு உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டியது. 2024 ஆகஸ்டில் நடந்த விசாரணையில், 14 மாநிலங்களே கவுன்சில் அமைத்துள்ளன என்றும் அவையும் இயங்கவில்லை என்றும் தெரியவந்தது. அக்டோபர் 12ஆம் தேதிக்குள் சட்டத்தை நடைமுறைப்படுத்துமாறு ஒன்றிய, மாநில அரசுகளுக்கு நீதிமன்றம் உத்தரவிட்டது. வேளாண் சட்டங்களையும் தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களையும் பெருந்தொற்றுக் காலத்திலேயே அவசர அவசரமாக நிறைவேற்றிய அரசு, உயிர்காக்கும் பணியாளர்களுக்கான ஒரு சட்டத்துக்கு உயிர் கொடுக்க நீதிமன்றம் அதட்ட வேண்டியிருந்தது.

ஒழுங்குமுறை உறங்கும் காலத்தில் சேர்க்கை உறங்குவதில்லை. விழித்தெழும்போது தண்டனை பெறுபவர் மாணவரே. இதற்கு முன்னுதாரணங்கள் உண்டு. சத்தீஸ்கர் அரசு 2002இல் இயற்றிய ஒரு சட்டத்தின்கீழ் நூற்றுக்கும் மேற்பட்ட தனியார் பல்கலைக்கழகங்கள் முளைத்தன; பலவற்றுக்கு முகவரியைத் தவிர எதுவுமில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் முன்னாள் தலைவரும் அறிவியலாளருமான பேராசிரியர் யஷ்பால் தொடுத்த வழக்கில், 2005 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தின் அடிப்படைப் பிரிவுகளை ரத்துச் செய்தது. அங்கே படித்துக்கொண்டிருந்தவர்களை மாநில அரசுப் பல்கலைக்கழகங்களோடு இணைத்துக் காப்பாற்றவும் அத்தீர்ப்பு வழி சொன்னது. 2017 நவம்பரில் அந்த அளவு இரக்கமும் இல்லை. சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் உரிய அனுமதியின்றி அஞ்சல் வழியில் நடத்திய பொறியியல் படிப்புகளில் 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்களின் பட்டங்கள் நிறுத்திவைக்கப்பட்டன. மீண்டும் ஒரு தேர்வு எழுதித் தேறினால்தான் பட்டம் செல்லும். பத்துப் பன்னிரண்டு ஆண்டு வேலை பார்த்த மனிதர்கள், பிள்ளைகளின் பாடப்புத்தகங்களுக்கு அருகே தங்கள் பழைய புத்தகங்களையும் விரித்து வைக்க நேர்ந்தது.

2025 ஆகஸ்டில் மானியக் குழு, இந்த ஆணையச் சட்டத்தின் வரம்பில் வரும் உளவியல், ஊட்டச்சத்தியல் முதலிய படிப்புகளை தொலைநிலைக் கல்வியிலும் இணையவழியிலும் நடத்தக் கூடாதென்று உத்தரவிட்டது. நோயாளியைத் தொடாமல் இத்தகைய தொழிலைக் கற்க முடியாது என்பதால் உத்தரவு சரியே. ஆனால் நேரில் நடத்துவதாகச் சொல்லிக்கொண்டு, நோயாளியையே காட்டாமல் பட்டம் தரும் நிறுவனத்துக்கும் தொலைநிலைக் கல்விக்கும் என்ன வேறுபாடு? ஒன்றில் மாணவர் வீட்டில் இருக்கிறார். மற்றொன்றில் விடுதிக் கட்டணமும் கட்டுகிறார்.

தரத்தை உயர்த்துவதாகச் சொல்லி, இயன்முறை சிகிச்சை போன்ற படிப்புகளுக்கும் நீட் தேர்வைக் கொண்டுவரும் முனைப்பு இப்போது தெரிகிறது. நோய் ஓரிடத்தில், மருந்து வேறிடத்தில். மாணவர் உள்ளே வரும் வாசலில் வடிகட்டி வைப்பதால், உள்ளே மருத்துவமனை முளைத்துவிடாது. பயிற்சி மையங்களின் சந்தை மேலும் விரியும். முதல் தலைமுறையாகப் படிக்க வரும் கிராமத்துப் பிள்ளைகளுக்கு எஞ்சியிருந்த வழியும் குறுகும். இடஒதுக்கீட்டையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். தனியார் கல்வி நிறுவனங்களிலும் இடஒதுக்கீடு அளிக்க வழிசெய்யும் 93ஆவது அரசமைப்புத் திருத்தம் 2005இல் வந்தது. உச்ச நீதிமன்றம் 2014இல் அதை உறுதி செய்தது. இருபதாண்டாகியும் அதற்கான ஒன்றியச் சட்டம் வரவில்லை. அதை இயற்ற வேண்டும் என்று 2025 ஆகஸ்டில் நாடாளுமன்ற நிலைக்குழுவே பரிந்துரைத்துவிட்டது. நீட்டுக்குக் காட்டும் வேகத்தில் பாதியேனும் இதில் காணோம்.

பணியிடம் எங்கே போயிற்று?

படிப்பைச் சரிசெய்துவிட்டால் போதுமா? மாநிலத்தின் மிகச் சிறந்த கல்லூரியில் டயாலிசிஸ் படித்துத் தேறியவரையே எடுத்துக்கொள்வோம். அவர் மாவட்ட அரசு மருத்துவமனைக்கு வேலை தேடிச் செல்கிறார். அங்கே பத்து டயாலிசிஸ் கருவிகள் ஓடுகின்றன. ஆனால் அவருக்கு அங்கே அரசுப் பணியிடம் இல்லை. காரணம் 2016இல் தொடங்கப்பட்ட பிரதமரின் தேசிய டயாலிசிஸ் திட்டத்தின் வடிவமைப்பில் உள்ளது. அரசு-தனியார் கூட்டு முறையில் அமைந்த அத்திட்டத்தின் வழிகாட்டுதலின்படி, இடம், மின்சாரம், தண்ணீர், மருந்து ஆகியவற்றை மாநில அரசு தரும். கருவிகளையும் பணியாளர்களையும் தனியார் நிறுவனம் கொண்டுவரும். அரசு மருத்துவமனையின் கூரைக்குக் கீழே, அரசுப் பணத்தில், அரசு ஊழியர் அல்லாத ஒருவர் வேலை செய்கிறார். அவரது ஊதியம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நிறுவனத்தின் இலாபம் கூடும். நோயாளிக்கு இலவசச் சிகிச்சை கிடைப்பது நல்லதே. அது தொழிலாளியின் வயிற்றிலிருந்து எடுத்துத் தரப்பட வேண்டியதில்லை.

இரத்தப் பரிசோதனையிலும் பல மாநிலங்கள் இதே வழியில் போயின. எக்ஸ்ரே படத்தைத் தொலைதூரத்து நிபுணருக்கு அனுப்பி அறிக்கை பெறும் முறையும் ஒப்பந்தத்துக்கு விடப்பட்டது. எஞ்சியவை தேசிய சுகாதார இயக்கத்தின் ஒப்பந்தப் பணியிடங்கள். ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுமா என்ற நடுக்கத்தோடு அவற்றில் வேலை செய்வோர், பத்துப் பதினைந்து ஆண்டு அனுபவத்துடன் இன்றும் தற்காலிக ஊழியர்களே. ஒன்றிய அரசே வெளியிட்டு வந்த ஊரகச் சுகாதாரப் புள்ளிவிவரங்களில், சமூக சுகாதார நிலையங்களின் எக்ஸ்ரே பணியாளர் பற்றாக்குறை ஒவ்வோர் ஆண்டும் தனி அட்டவணையாக அச்சிடப்பட்டது. அட்டவணை அச்சாவது நிற்கவில்லை, பணியிடம் நிரம்பவில்லை.

அழுத்தம் இருந்தால் பணியிடங்கள் பிறக்கும் என்பதற்கும் பீகாரே சான்று. 2025இல், தேர்தல் ஆண்டில், அம்மாநிலத் தொழில்நுட்பப் பணி ஆணையம் ஆய்வக நுட்பநர், எக்ஸ்ரே நுட்பநர், அறுவை அரங்க உதவியாளர் பணிகளுக்கு ஆயிரக்கணக்கில் விண்ணப்பம் கோரியது. அத்தனை இடங்களும் அதற்கு முந்தைய ஆண்டுகளில் காலியாகவே இருந்தன; அத்தனை ஆண்டும் அந்தப் பிள்ளைகள் ஹரியானாவிலும் கர்நாடகத்திலும் குறைந்த கூலிக்கு இரவுப் பணி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மாவட்ட மருத்துவமனையின் வாசலில்

மாற்று வழியைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. 2014க்குப் பிறகு ஒன்றிய நிதியுதவித் திட்டத்தில் மாவட்ட மருத்துவமனைகளோடு இணைத்து 157 அரசு மருத்துவக் கல்லூரிகளுக்கு ஒப்புதல் தரப்பட்டது. அதே கல்லூரிகளின் வளாகங்களில் 157 செவிலியர் கல்லூரிகள் தொடங்கப்படும் என்று 2023-24 நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது. அங்கே படுக்கைகள் உள்ளன. ஆய்வகமும் கதிரியக்கத் துறையும் அறுவை அரங்கும் உள்ளன. எல்லாவற்றுக்கும் மேலாக, நாள்தோறும் நூற்றுக்கணக்கில் நோயாளிகள் வருகிறார்கள். செவிலியர் கல்லூரி அமைக்க முடிந்த இடத்தில் மருத்துவம் சார்ந்த படிப்புகளைத் தொடங்க முடியாதா? கேரளத்தில் 2010இல் அமைந்த சுகாதார அறிவியல் பல்கலைக்கழகம், அரசுக் கல்லூரியானாலும் சுயநிதிக் கல்லூரியானாலும் அதன் இணைப்பில் இருந்தால் பாடத்திட்டமும் தேர்வும் ஒன்றே என்ற ஏற்பாட்டைக் கொண்டுள்ளது. சுயநிதிக் கல்லூரிகளின் கட்டணச் சிக்கல் அங்கும் உண்டு. எனினும் தேர்வு நடத்துபவரும் கட்டணம் வாங்குபவரும் வேறு வேறு என்பதே பெரிய பாதுகாப்பு. சிறிய தனியார் பல்கலைக்கழகத்தில் சேர்ப்பவர், கற்பிப்பவர், மதிப்பெண் போடுபவர், பட்டம் அச்சிடுபவர் எல்லோரும் ஒரே நிர்வாகம்.

ஏற்கெனவே இத்தகைய நிறுவனங்களில் சேர்ந்துவிட்ட ஆயிரக்கணக்கான மாணவர்களைக் கைவிட்டுவிட்டு, நிறுவனத்தை மூடு என்று மட்டும் முழங்குவது சரியாகாது. யஷ்பால் வழக்கில் கிடைத்த தீர்வு இவர்களுக்கும் வேண்டும்: தகுதியற்ற நிறுவனம் மூடப்பட்டால் மாணவர் அருகிலுள்ள அரசுப் பல்கலைக்கழகத்துக்கு மாற்றப்பட வேண்டும், குறைபட்ட மருத்துவமனைப் பயிற்சியை அரசு மருத்துவமனையில் கட்டணமின்றி முடிக்க வழி செய்ய வேண்டும், அந்தச் செலவு நிறுவனத்திடமிருந்து வசூலிக்கப்பட வேண்டும். பயிற்சி ஆண்டுக்கு உதவித்தொகை, கதிர்வீச்சுப் பேட்ஜ், தடுப்பூசி, இரவில் தங்கும் அறை ஆகியவை மாணவர் அமைப்புகளின் கோரிக்கைப் பட்டியலில் கட்டணக் குறைப்புக்கு அடுத்த வரியிலேயே இடம்பெற வேண்டியவை.

இதில் ஒரு தயக்கத்தையும் களைந்தாக வேண்டும். பயிற்சி மாணவர் இலவசமாகக் கிடைப்பதால்தான் நிரந்தரப் பணியிடம் நிரப்பப்படுவதில்லை என்று ஊழியர் சங்கத் தோழர்கள் சில இடங்களில் மாணவர்களைக் கசப்போடு பார்க்கிறார்கள். மாணவர்களோ, மூத்த ஊழியர் கற்றுத்தர மறுக்கிறார் என்று புகார் சொல்கிறார்கள். இருவர் சொல்வதிலும் உண்மை உண்டு. இருவருக்கும் எதிரே நிற்கும் நிர்வாகம் ஒன்றே. இன்றைய பயிற்சி மாணவி மூன்றாண்டில் அதே சங்கத்தின் உறுப்பினர் ஆகப் போகிறவர். அவருக்கு ஊசி பிடிக்கக் கற்றுத்தரும் தோழரே சங்க ரசீதையும் எழுதித் தர முடியும்.

அரசு மருத்துவமனைகள் பலவற்றில் நோயாளர் நலச் சங்கம் என்ற அமைப்பு இருக்கிறது. உள்ளாட்சிப் பிரதிநிதிகளும் அதில் உறுப்பினர்கள். கட்சியின் ஊராட்சி, ஒன்றியப் பிரதிநிதிகள் சிலரும் அவர்களுள் அடக்கம். வழக்கமாகக் கழிப்பறை பழுதும் குடிநீர் இயந்திரமும் பேசப்படும் அந்தக் கூட்டத்தில் மூன்று கணக்குகளைக் கேட்டுப் பெறலாம். ஆய்வகத்துக்கும் எக்ஸ்ரேவுக்கும் டயாலிசிசுக்கும் அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, நிரம்பியது எத்தனை. எந்தெந்தக் கல்வி நிறுவனத்தோடு பயிற்சி ஒப்பந்தம் உள்ளது, அதற்காக மருத்துவமனைக்கு எவ்வளவு தொகை வருகிறது. இப்போது எத்தனை பயிற்சி மாணவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு மேற்பார்வையாளர் யார். கூட்டத்தில் பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் பத்து ரூபாய் கட்டணத்தில் அதே மூன்று கேள்விகளை எழுதிக் கொடுக்கலாம். முப்பது நாளில் பதில் தந்தாக வேண்டும்.